காசு எங்கிருந்து வருது என்று கேட்ட பெண்



சாதனைப் பெண் ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் பணத்தைப் பற்றி எழுதியே பேர் வாங்கின ஒரு அம்மாவைப் பற்றிப் பேசப்போறேன். பேரு சுசேதா தலால். மும்பைக்காரங்க. தார்வாடில் புள்ளியியல் படிச்சு, பிறகு சட்டமும் படிச்சவங்க. 1984ல் ஒரு பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தாங்க. பங்குச் சந்தைப் பக்கம் பெண்கள் அபூர்வமா இருந்த காலம் அது.

1992ல் மும்பையில் ஹர்ஷத் மேத்தா என்ற பங்குத் தரகர் பெரிய ஆளா இருந்தார். அவர் வாங்கற பங்கெல்லாம் விலை ஏறுச்சு. ஏ.சி.சி. சிமெண்ட் பங்கு 200 ரூபாய் பக்கத்தில் இருந்தது, 9,000 வரைக்கும் போச்சு. எல்லாரும் அவர் வீட்டையும் காரையும் பார்த்து வாயைப் பிளந்தாங்க. இந்த அம்மா மட்டும், இவ்வளவு வாங்கறதுக்குக் காசு எங்கிருந்து வருதுன்னு தேடினாங்க.

அது பேங்க் காசு. ஒரு பேங்க் இன்னொரு பேங்குக்கு அரசாங்கப் பத்திரம் விற்கும்போது, பத்திரத்துக்குப் பதிலா ஒரு ரசீது கொடுக்கிற வழக்கம் இருந்தது. நடுவில் தரகர். பத்திரமே இல்லாம வெறும் ரசீதுக்குப் பணம் கைமாறி, அது பங்குச் சந்தைக்குப் போயிடுச்சு. நம்ம குழுவில் ரொக்கப் புத்தகத்தில் இருப்பு எழுதியிருக்கு, பெட்டியைத் திறந்தா துண்டுச் சீட்டுதான் கிடக்குதுன்னா எப்படி இருக்கும்? அதே கதைதான், கோடிக் கணக்கில். ஸ்டேட் பேங்க்குக்கு வர வேண்டிய 500 கோடி விஷயத்தை 1992 ஏப்ரல் 23ஆம் தேதி டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் எழுதினாங்க. நாடே ஆடிப்போச்சு. 2020ல் அது தொடராகக்கூட வந்தது.

அப்புறம் அந்தப் பேப்பர் வேலையை விட்டுட்டு வேற பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினாங்க. 2006ல் பத்மஸ்ரீ கிடைச்சது. அதே வருஷம் கணவர் தேபாஷிஸ் பாசுவோட சேர்ந்து 'மணிலைஃப்' பத்திரிகை தொடங்கினாங்க. நம்மள மாதிரி சேமிக்கிறவங்க ஏமாறக் கூடாதுன்னு அதில் எழுதறாங்க. 2010ல் ஓர் அறக்கட்டளையும் தொடங்கி, பணம் பற்றி வகுப்பு நடத்தறாங்க.

எனக்கு இதில் முக்கியமாப் பட்டது ஒண்ணு. பணத்தை இங்க போடு, அங்க போடுன்னு சொல்ல நம்மகிட்ட ஆயிரம் பேர் வர்றாங்க. பாலிசி போடச் சொல்றவருக்கு, நாம கட்டற முதல் வருஷப் பணத்தில் நல்ல பங்கு கமிஷனாப் போகுது. அவர் கெட்டவர்னு சொல்லலை, நம்ம சித்தப்பா பையனாகூட இருப்பார். ஆனா சம்பளம் கொடுக்கிறது கம்பெனி. பத்திரிகையில் எழுதறவங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு, விளம்பரம் கொடுக்கிறதும் அதே கம்பெனிங்கதானே! அதுக்கு வளைஞ்சு கொடுக்காம எழுதறது லேசு இல்லைங்க.

2012ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி விவகாரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். குஞ்சு வாங்கி வளர்த்தா மாசாமாசம் பணம்னு சொன்னாங்க. அந்தக் கறியை யார் வாங்கித் தின்னாங்கன்னு கேட்டிருந்தா விஷயம் புரிஞ்சிருக்கும். புதுசா வர்றவங்க பணத்தை எடுத்துப் பழைய ஆளுக்குக் கொடுத்தா, ஆள் வர்றது நின்ன அன்னிக்கு எல்லாம் நின்னு போகும்.

கேள்வி கேக்கறது நமக்குப் புதுசும் இல்லை. தமிழ்நாட்டில் அரசு உதவியோட மகளிர் குழு முதல்ல தொடங்கினது 1989ல், நம்ம தருமபுரி மாவட்டத்தில்தான். அன்னிலேர்ந்து கூட்டத்தில் எல்லார் முன்னாடியும் பணத்தை எண்ணித்தானே எழுதறோம்.

போன வருஷம் எங்க குழுவுக்கு ஒருத்தர் வந்தார். லட்சத்துக்கு மாசம் ஏழாயிரம்னார். எங்க அக்கா ஒருத்தர் மாடு வித்த நாற்பதாயிரத்தை மடியில் வச்சிருந்தாங்க. ஊக்குநர் அக்கா நிதானமா மூணு கேட்டாங்க. டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதி இருக்கா, அந்த ஏழாயிரம் எந்தத் தொழிலில் வருது, எங்களைச் சேர்த்துவிட்டா உங்களுக்கு எவ்வளவு? அந்த மூணாவது கேள்விக்கு அவர் சிரிச்சார். பதிலை எழுதிக் கொடுங்க, தீர்மானப் புத்தகத்தில் ஒட்டி வைக்கிறோம்னாங்க. நாளைக்குக் கொண்டு வர்றேன்னு போனார். அந்தப் பக்கம் இன்னும் காலியாத்தான் இருக்கு. நாற்பதாயிரம் போஸ்ட் ஆபீஸில் இருக்கு.