கண்ணுக்குப் புலப்படாத சீனி

தேநீரில் இடும் சீனியைக் கரண்டியால் அளந்தறியலாம். போத்தற் பானத்திலே கரைந்திருக்கும் சீனியை அளப்போர் அரியர். 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி கொண்ட பானத்தில் 400 மில்லிலீற்றர் பருகுபவர், ஏறத்தாழப் பத்துத் தேக்கரண்டிச் சீனியை உட்கொள்கின்றார். நாளொன்றுக்கு 2,000 கலோரி உணவு கொள்பவருக்குச் சேர்க்கும் சீனி, தேன், பழச்சாறு ஆகியவற்றால் வரும் இனிப்பு 50 கிராமுக்கு உட்படல் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு நெறி. அதில் ஐந்தில் நான்கு பங்கை ஒரே போத்தல் கொண்டுவிடுகின்றது.

இம்மறைவை வெளிப்படுத்தவே 2016இல் இலங்கையில் பானங்களுக்கு நிறக்குறி விதிக்கப்பட்டது. சீனி மிகுந்ததற்குச் சிவப்பு; இடைப்பட்டதற்குச் செம்மஞ்சள்; குறைந்ததற்குப் பச்சை. எழுத்தறியாதவரும் நிறமறிவர்.

ஆயினும், அந்நிறம் சீனியின் அளவையே கூறும். செயற்கை இனிப்பூட்டியைப் பற்றிக் கூறாது. அத்தகைய இனிப்பூட்டிகளால் உடற்பருமனை நெடுங்காலம் அடக்க இயலும் என்பதற்குச் சான்றில்லை எனக் கண்ட அந்நிறுவனம், அந்நோக்கத்துக்கு அவற்றை நாடவேண்டாம் என 2023இல் அறிவுறுத்தியது. முன்னரே நீரிழிவுடையோர்க்கு இவ்வறிவுரை உரியதன்று. அவர்கள் மருத்துவரையே கேட்டறிதல் வேண்டும்.

ஆகவே, சீனியை நீக்கி அதன் நிழலைப் பற்றுவதினும், நாவின் இனிப்பு வேட்கையைத் தணிப்பதே தக்கது. தேநீரிற் கரண்டியளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துவரின் நா பழகிக்கொள்ளும். தாகத்துக்குத் தண்ணீர் என்னும் பழக்கத்தைச் சிறுவர்க்கு இளமையிலேயே ஊட்டுதல் பெற்றோர் கடனாம்.