நிறுத்தும் நாளையும் எழுதி வைப்போம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



2019ஆம் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் இதே மேடையில் நான் விடாமுயற்சி பற்றிப் பேசினேன். பெயர் சொல்லாமல் என் வகுப்புத் தோழி ஒருத்தியை உதாரணம் காட்டினேன். நீங்கள் நன்றாகக் கைதட்டினீர்கள். இன்று அந்தப் பேச்சைத் திருத்த வந்திருக்கிறேன். அவளுடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் பெரியமடுவிலிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கிப் படித்தவர்கள். நான் மருத்துவபீடம் போனேன். அவள் திருமணம் செய்தாள், இடம்பெயர்ந்தாள், யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது இரண்டு பிள்ளைகளோடு தனியாக நின்றாள். ஒரு சிறிய அரைக்கும் மில்லை வாங்கி, செத்தல் மிளகாயை வறுத்து அரைத்துப் பைக்கற்றில் அடைத்து, மன்னார் வரை இருபது கடைகளுக்குக் கொடுத்தாள். பைக்கற்றில் மகளின் பெயர் அச்சடித்த லேபிள். அதைப் பார்த்து ஊரே பெருமைப்பட்டது.

ஆனால் கடைகள் கடனாகத்தான் எடுத்தன. பழைய பாக்கி வருமுன் புதிய சரக்குக் கேட்டன. செத்தல் வாங்க அவள் வாரக் கடன் எடுத்தாள். அந்தக் கடனை அடைக்க இன்னொன்று. வடக்கில் எத்தனை பெண்கள் இப்படிச் சிக்கினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். 2018இல் அரசாங்கம், வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்ததும் அதனால்தான்.

அவளுக்கு உயர் குருதி அழுத்தம். கிளினிக்குக்கு ஒழுங்காக வரமாட்டாள். ஒருநாள் நான் ஏசினேன். “கிளினிக் நாளும் கடன் கட்டுற நாளும் ஒண்டு. நான் எங்கை போறது, சொல்லு?” என்றாள். அன்றைக்காவது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. “விட்டிடாதை, இவ்வளவு தூரம் வந்திட்டாய்” என்று சொன்னேன். 2020 முடக்கத்தின்போது ஐம்பதாயிரம் ரூபாயும் கொடுத்தேன். அந்தப் பணமும் மிளகாய்த்தூளாகிக் கடைகளுக்குப் போனது.

2022இல் டொலர் 200 ரூபாயளவிலிருந்து சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. இந்தியாவிலிருந்து வரும் செத்தலின் விலை அவளுக்கு எட்டாமல் போனது. மில்லை ஓட்ட மின்சாரமும் பாதி நேரம் இல்லை. ஒரு மாலை அவள் வீட்டுத் திண்ணையில் இருந்து, “ஏன் முந்தியே நிப்பாட்டேல்லை?” என்று கேட்டேன்.

“நீ மேடையில என்னைப் பற்றிப் பேசின பிறகு நிப்பாட்ட எனக்கு வாய் வரேல்லையடி” என்றாள்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. வாட்டில் நான் அப்படி நடப்பதில்லையே! ஒரு நோயாளிக்கு நுண்ணுயிர் கொல்லி மருந்து தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் திரும்பிப் பார்க்கிறோம். காய்ச்சல் இறங்கியதா, இரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது என்று கேட்கிறோம். குணமில்லை என்றால் மருந்தை மாற்றுகிறோம். அதை எந்த வைத்தியரும் தோல்வி என்று சொல்வதில்லை. நோயாளிக்குச் செய்வதைத் தோழிக்கு நான் செய்யவில்லை.

எங்கள் கடலுக்கும் இந்தப் பாடம் தெரியும். அரிப்பில் இடிந்து நிற்கும் அல்லிராணிக் கோட்டையைப் பலர் பார்த்திருப்பீர்கள். முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் கட்டிய மாளிகை அது. அந்தக் காலத்தில் வருடாவருடம் கண்ணை மூடிக்கொண்டு குளிக்கவிடவில்லை. முதலில் பாரில் மாதிரிச் சிப்பிகளை எடுத்து, ஆயிரம் சிப்பிக்கு எவ்வளவு பெறுமதியான முத்து வருகிறது என்று கணக்குப் பார்ப்பார்கள். கணக்குச் சரிவந்தால்தான் முத்துக்குளிப்பு அறிவிக்கப்படும். இல்லாவிட்டால் அந்த வருடம் கடல் சும்மா கிடக்கும். 1891க்குப் பிறகு 1903 வரை அப்படித்தான் கிடந்தது.

பிறகு நல்ல பருவங்கள் அடுத்தடுத்து வந்தன. 1905இல் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதைப் பார்த்து 1906இல் ஒரு கம்பெனி, வருடம் 310,000 ரூபாய் வாடகைக்கு, 20 வருடங்களுக்குப் பார்களைக் குத்தகை எடுத்தது. 1907உடன் சிப்பி போய்விட்டது. சிப்பி இல்லாத வருடத்துக்கும் வாடகை உண்டு. 1912இல் கம்பெனி கலைந்தது. முன்பு அரசாங்கம் ஒரு வருடம் பொறுத்திருக்கலாம். கம்பெனியால் பொறுத்திருக்க முடியவில்லை. என் தோழியின் வாரக் கடனும் அந்த வாடகையைப் போன்றதுதான்.

நாங்கள் இருவரும் ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து எழுதினோம். மூன்று மாதம் பார்ப்பது. அதற்குள் மூன்று விடயம் நடக்க வேண்டும்: புதிய கடன் எடுக்கக் கூடாது, கடைப் பாக்கி பாதியாகக் குறைய வேண்டும், அவளுடைய வேலைக்கு நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாயாவது மிஞ்ச வேண்டும். அதுவரை அவள் தன் கூலியைக் கணக்கில் சேர்த்ததே இல்லை. திரும்பிப் பார்க்கும் திகதியையும் எழுதி இருவரும் கையொப்பம் வைத்தோம்.

திகதி வந்தது. முதலாவது மட்டுமே நடந்திருந்தது. ஆனால் அதே கொப்பியில் நாங்கள் எதிர்பாராத ஒன்று இருந்தது. அயலவர்கள் தங்கள் மிளகாயையும் அரிசியையும் கொண்டுவந்து கூலிக்கு அரைத்துப் போனார்கள். கையில் காசு கொடுத்தார்கள். அதை அவள் ஒரு தொழிலாகவே எண்ணியிருக்கவில்லை. மூன்று மாதமும் அடுப்பெரித்தது அந்தக் கூலிதான்.

பைக்கற் வியாபாரத்தை நிறுத்தினாள். அன்றைக்கு அழுதாள். மகளின் பெயர் போட்ட லேபிள்கள் மூவாயிரத்துக்கு மேல் மிஞ்சிக் கிடந்தன. “இதை என்ன செய்யிறது?” என்று என்னைக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. மகள்தான் அவற்றின் பின்பக்கத்தில் நிறையும் கூலியும் எழுதிச் சாமான் கொண்டுவருபவர்களுக்குத் துண்டு கொடுக்கத் தொடங்கினாள்.

இன்று அது கூலிக்கு அரைக்கும் மில். பெரிய வருமானம் இல்லை. கடனில் ஒரு பகுதி இன்னும் இருக்கிறது. அழுத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, கிளினிக் தவறுவதில்லை. நிறுத்தியிருக்காவிட்டால் மில்லையும் விற்றிருப்பாள்.

தங்கைமாரே, விடாமுயற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் எங்களில் யாரும் இங்கே நின்றிருக்க மாட்டோம். பிடிக்க வேண்டியது பிள்ளைகளின் சோறும் படிப்பும். மில், பைக்கற், கடை எல்லாம் அதற்கான வழிகள். வழியை மாற்றுகிறவள் தோற்றவள் அல்ல.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். சுயதொழிலுக்கு நாங்கள் பழைய மாணவிகளுக்கு உதவி கொடுக்கும்போது காசோலையோடு ஒரு கொப்பியையும் கொடுப்போம். எதைப் பார்த்துத் தொடர்வது, எதைப் பார்த்து நிறுத்துவது, எந்தத் திகதியில் பார்ப்பது என்பதை மனம் தெளிவாக இருக்கும் முதல் நாளிலேயே எழுதுவோம். அந்தத் திகதியில் அவளோடு போயிருந்து கணக்குப் பார்க்க ஒருத்தியையும் அனுப்புவோம். கைதட்டுவது சுலபம், நான் அதைத்தான் செய்தேன்.

என் தோழி இன்று வரவில்லை. சனிக்கிழமைதான் மில்லில் சனம் கூடும் நாளாம்.