கிழங்கு வெந்த மணி

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



"வரலாற்றில் சில விந்தைகள்" என்ற பொருளில் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். வரலாறு என்றதும் பிள்ளைகள் முகம் வாடுகிறது. "என்னா சார், ராசா செத்த வருஷத்தையெல்லாம் மனப்பாடம் பண்ணணுமா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம். இன்று ராசா கதை சொல்லப் போவதில்லை. ஒரு சமையல் சட்டி, ஒரு கால்வாய் மூடி, ஒரு மரக்கன்று, ஓர் இரயில் பாதை ஆகிய நான்கின் கதையை மட்டும் சொல்கிறேன். கேளுங்கள்.

முதலாவது சட்டி. ஏறக்குறைய 1836ஆம் ஆண்டு. நியூசிலாந்து நாட்டின் வடக்குப் பகுதியில் வில்லியம் கொலென்சோ என்னும் கிறிஸ்துவ சமய போதகர் ஊர் ஊராகப் போய்க் கொண்டிருந்தார். அங்குள்ள பூர்வகுடிகள் மாவோரி மக்கள். அவர்களுடைய ஊர் ஒன்றில், ஒரு சிறிய வெண்கலச் சட்டியில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைக் கண்டார். உற்றுப் பார்த்தால் அது சட்டி இல்லை, மணி! உடைந்துபோன ஒரு மணியின் மேல்பாகம். தலைகீழாக வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய மரம் காற்றில் சாய்ந்தபோது அதன் வேரடியில் கிடைத்தது என்று சொன்னார்கள். அதன் மேலே ஏதோ எழுத்து இருந்தது. கொலென்சோவுக்கு அது புரியவில்லை. ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்துவிட்டு அந்த மணியை வாங்கிக்கொண்டார்.

பிற்காலத்தில்தான் தெரிந்தது, அது நம் தமிழ் எழுத்து. முகைதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று அதிலே பொறித்திருக்கிறது. தமிழ் பேசும் ஒரு முஸ்லிம் கப்பல்காரரின் மணி, பல ஆயிரம் மைல் தாண்டி, நம்மவர் யாரும் இல்லாத சீமையில், ஒரு மரத்தின் வேருக்கடியில்! கப்பல் அங்கே போனதா, அல்லது கைமாறிக் கைமாறி மணி மட்டும் போனதா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்கு இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் கப்பல்காரர் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இன்று அந்த மணி வெல்லிங்டன் நகரத்தில் தெ பாப்பா என்னும் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டாவது கால்வாய் மூடி. மலாக்காவுக்குச் சுற்றுலா போனவர்கள் செங் ஹோ என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். சீனப் பேரரசர் அனுப்பிய பெரிய கப்பற்படையின் தளபதி. மலாக்காவுக்குப் பலமுறை வந்தவர். அவர் இலங்கையில் வைப்பதற்காக 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட ஒரு கல்வெட்டைச் சீனாவிலிருந்தே கொண்டுபோனார். ஒரே கல்லில் மூன்று மொழிகள். சீன மொழியில் புத்தருக்கு வணக்கம். பாரசீக மொழியில் அல்லாவுக்கு வணக்கம். தமிழ் மொழியில் தேனாவரை நாயனார் என்ற பெயரில் திருமாலுக்கு வணக்கம். பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியலும் உண்டு. சீனத்துத் தளபதி, இந்தக் கடற்கரையில் பேச வேண்டுமானால் தமிழும் வேண்டும் என்று நினைத்திருக்கிறார், பாருங்கள்!

அப்படிப்பட்ட கல் என்ன ஆனது? 1911ஆம் ஆண்டு இலங்கையின் தென்பகுதியில் உள்ள காலி என்னும் துறைமுக நகரத்தில் அதைக் கண்டுபிடித்தபோது, அது சடக்கோரத்துக் கால்வாய்க்கு மூடியாகக் கிடந்தது. அதன் மேலே எத்தனை பேர் நடந்தார்களோ! ஒருநாள் எழுத்தின் அருமை தெரிந்தவர் கண்ணில் பட்டது. இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மூன்றாவது மரக்கன்று. இது நம் வீட்டுக் கதை. இன்று எந்தப் பக்கம் பார்த்தாலும் செம்பனையாக இருக்கிறது. ஆனால் நம் பாட்டன்மார் வாளியும் உளியுமாகத் திரிந்தது பால்மரத்துக் காட்டில். அந்தப் பால்மரம் இந்த மண்ணின் மரம் இல்லை. 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவற்றில் 2,000க்கு மேல் சற்றுக் கூடுதலாக முளைத்தன. 1877ஆம் ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. ரிட்லி என்ற தாவரவியல் அறிஞர் இந்த மரத்தை நடுங்கள், நடுங்கள் என்று காண்பவரிடமெல்லாம் விதையைக் கொடுத்தார். காப்பித் தோட்டத் துரைமார்கள் அவரைப் "பைத்தியக்கார ரிட்லி" என்றே கேலி செய்தார்கள். பிறகு உலகமே டயருக்காக இந்த நாட்டுப் பாலைத் தேடி வந்தது.

இங்கேதான் என் மனத்தைக் குத்துகிற ஒன்று இருக்கிறது. கன்று எத்தனை வந்தது என்று கணக்கு இருக்கிறது. எந்த ஊரில் எத்தனை நட்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மரத்தைப் பால் வெட்டி வளர்த்த மனிதர்கள்? அவர்களின் பெயர்?

நான்காவது கதையைக் கேளுங்கள், புரியும். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட்டார்கள். "சயாம் மரண இரயில்" என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். அதில் வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர். அவர்களில் 12,000க்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் 180,000க்கு மேல் என்கிறார்கள். இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. அவர்களில் பெருந்தொகையினர் நம் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். காலரா, மலேரியா, பசி. கொட்டகையில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

தாய்லாந்தில் காஞ்சனபுரிக்குப் போனால் போர்க்கைதிகளின் மயானம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு என்று வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். அது நியாயம்தான். மாண்டவருக்கு மரியாதை. ஆனால் நம் ஆட்களுக்கு? ஒரு "மதிப்பீடு" மட்டும். அங்கே தமிழர் நினைவாக ஒரு நடுகல் எழும்பவே 2023ஆம் ஆண்டு ஆயிற்று. கல் எழும்பியது. அதில் பொறிக்க எல்லாருடைய பெயருக்கும் எங்கே போவது?

என் தாத்தாவின் அண்ணனும் சயாமுக்குப் போனவர்தான். எங்கள் வீட்டில் அவரைப் பற்றி இருப்பது ஒரே ஒரு வாக்கியம்: "பெரியவரு சயாம் போனாரு, வரல." பெயர் கேட்டால், "பெரியவருன்னுதான் கூப்பிடுவோம்" என்பார் பாட்டி. பாட்டியும் போய்விட்டார். இனிமேல் நான் யாரைக் கேட்பது?

போன மாதம் ஐந்தாம் ஆண்டு பிள்ளைகளிடம், "உங்கள் தாத்தா பெயரை எழுதுங்கள்" என்றேன். பாதிப்பேர் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் எழுந்து, "சார், எங்க தாத்தா பேரு தாத்தாதான் சார்" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகுதான் சிரிப்பு நின்றது. அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

பெரியோர்களே! முகைதீன் வக்குசு பெரிய மகாராசா இல்லை. தன் மணியில் தன் பெயரைத் தன் எழுத்தில் வெட்டி வைத்தார், அவ்வளவுதான். அதனால் உலகத்தின் கோடியிலும் அவர் பெயர் அழியவில்லை. எழுதாத பெயர் இரண்டு தலைமுறைக்கு மேல் தாங்காது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று பரிசாகக் கொடுக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒன்றை வீட்டுக் கணக்குக்கு ஒதுக்கி வையுங்கள். தாத்தா, பாட்டி, பூட்டன், பூட்டி பெயர், இந்தியாவில் எந்த ஊர், எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள், பால்வெட்டா, புல்வெட்டா, ஆயாக் கொட்டகையா, என்ன வேலை, இவற்றை எழுதுங்கள். பழைய படங்களின் பின்னால் பென்சிலால் பெயர் எழுதுங்கள். தோட்டம் விட்டு வீடு மாறும்போது தகரப் பெட்டியில் இருக்கும் பழைய பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை ஆகியவற்றைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிடாதீர்கள். கால்வாய் மூடி என்று நினைத்தது கல்வெட்டாக இருந்த கதையை இப்போதுதானே கேட்டீர்கள்!

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி வீட்டில் இருந்தால் கவலை வேண்டாம். அவர் சொல்லட்டும், பேரப்பிள்ளை எழுதட்டும். அதற்குத்தானே இந்தத் தமிழ்ப்பள்ளியில் "அ, ஆ" சொல்லிக் கொடுக்கிறோம்?

மாணவச் செல்வங்களே! "தாத்தா பேரு தாத்தாதான்" என்று சொன்ன அந்தப் பையன் மறுநாளே ஒரு தாளோடு வந்தான். அதில் ஏழு பெயர்கள் இருந்தன. எழுத்துப் பிழை மூன்று இருந்தது. நான் திருத்தவில்லை. முழு மதிப்பெண் போட்டேன்.

நீங்களும் இன்று இரவே போய்க் கேளுங்கள். நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.