சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு விசா

சீர்காழியில் சொந்தமாக அரிசி வியாபாரம் செய்கிறவர், வாங்குபவரைப் பார்க்க வெளிநாடு கிளம்பினால் சம்பளச் சீட்டுக்கு எங்கே போவார்? முதலாளியும் அவர், ஊழியரும் அவர். அவருக்குச் சாட்சி சொல்பவை வருமானவரிக் கணக்கு, வங்கி அறிக்கை, ஜிஎஸ்டி பதிவு, சிறுதொழிலுக்கான உத்யம் சான்றிதழ், அழைக்கும் நிறுவனத்தின் கடிதம். 2020 ஜூலையில் தொடங்கிய உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. தரகரிடம் காசு கொடுத்துவிடாதீர்கள்!

அவர் போவது ஐரோப்பாவுக்கு என்றால் ஒரு வசதி உண்டு: ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா விதியைத் தளர்த்தியது. மூன்று ஆண்டுக்குள் இரண்டு விசா பெற்று ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு இரண்டாண்டு விசா கிடைக்கலாம், அதன்பின் ஐந்தாண்டு. பாஸ்போர்ட்டும் அதுவரை செல்லுபடியாக வேண்டும். ஆனால், எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். வியாபாரம் பேசலாம், சம்பளத்துக்கு வேலை பார்க்க இந்த விசா செல்லாது.