தலைக்காயமும் தலைக்கவசமும்

(ஜும்ஆ பயானில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சாலை விபத்தில் ஒருவர் மரணித்துவிட்டால் நாம் ஜனாஸா தொழுகின்றோம். அவ்வீட்டாருக்கு ஆறுதல் கூறுகின்றோம். தலையில் அடிபட்டு, உயிர் பிழைத்து வீடு திரும்பியவரையோ ஒரு வாரம் நலம் விசாரித்துவிட்டு மறந்துவிடுகின்றோம். அவ்வீட்டின் சோதனை அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றது.

தையல் பிரித்த இடத்தில் முடி வளர்ந்துவிடும். ஆயினும் மூளையின் முன்பகுதியில் அடிபட்டவருக்குக் கோபத்தை அடக்கும் ஆற்றல் குன்றிவிடலாம். காலையில் சொன்னது மாலையில் நினைவில் நிற்பதில்லை. நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினால் திணறிப் போகின்றார். சிறு வேலைக்கே பெருங்களைப்பு. சிலருக்கு வாசனை அறியும் திறன் போய்விடுகின்றது. அடுப்பில் சோறு தீய்ந்தாலும் தெரிவதில்லை. சிலருக்கு மாதங்கள் கழித்தும் வலிப்பு வருகின்றது. பார்ப்பவர் கண்ணுக்கோ இவர் முழு ஆரோக்கியமானவர். எனவே 'திமிர் பிடித்தவர்', 'சோம்பேறி' என்று ஊர் பேசுகின்றது. ஜின் தீண்டியதென்று தாயத்துக் கட்டுவோரும் உளர். அது ஜின் அன்று, காயம்.

இத்தகையோரின் மனைவிமார் நம்மிடம் முறையிடுவது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஹஜ்ரத், ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தது எங்க மச்சான் இல்ல, வேற யாரோ."

அவர்களுக்கு நாம் செய்ய வேண்டியவை சில உண்டு. தொழுகையில் ரக்அத் எண்ணிக்கை தவறுபவரைப் பார்த்து நகைக்காதீர்கள். இமாமைப் பின்பற்றித் தொழுவது அவருக்கு எளிது; அண்டை வீட்டார் கைப்பிடித்து அழைத்து வரட்டும். ரமழானில் நோன்புக்காக வலிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. திடீரென நிறுத்தினால் வலிப்பு கடுமையாகத் திரும்பக்கூடும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்க, மருத்துவரைக் கேளாமல் வீம்பு எதற்கு?

போனதை முழுமையாக மீட்க எல்லோருக்கும் இயலுவதில்லை. காப்பது இயலும். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, தலைக்கவசம் இறப்பு அபாயத்தைச் சுமார் 42 விழுக்காடும், தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 விழுக்காடும் குறைப்பதாகக் கணக்கிட்டது. கவசத்தின் உள்ளே தெர்மாகோல் போன்ற தடித்த அடுக்கு ஒன்று உள்ளது. அது நசுங்கி அடியின் வேகத்தைத் தான் ஏற்றுக்கொள்கின்றது. ஆகவே ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் அணியலாகாது. தாடைப் பட்டையைப் பூட்டாவிட்டால், தலை தரையில் மோதுமுன்பே கவசம் கழன்றுவிடும்.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்கின்றனர் சிலர். ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹதுப் போரில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தலைக்கவசம் அணிந்திருந்தார்கள். அது அவர்களின் தலையிலேயே உடைந்தது. ஹிஜ்ரி 8இல் மக்காவினுள் வெற்றியுடன் நுழைந்தபோதும் தலையில் கவசம் இருந்தது. அவர்களைவிடவா நமக்குத் தவக்குல் மிகுதி?

தொப்பி இருக்கிறதே என்பாரும் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு விலக்களிக்கின்றது; நம் தொப்பிக்கு அன்று. தொப்பியைச் சட்டைப்பையில் வைத்து வந்தால் குறைந்தா போய்விடும்? 4 வயதுக்கு மேற்பட்டு வண்டியில் செல்லும் எவருக்கும் கவசம் வேண்டும் என்கின்றது அப்பிரிவு. கணவர் கவசத்துடன் ஓட்ட, பின்னால் மனைவியும் பிள்ளையும் வெறுந்தலையுடன் அமர்ந்து செல்வதையே நம் தெருக்களில் அதிகம் காண்கின்றோம்.

ஸுப்ஹுக்கு வருவோர், "அடுத்த தெருதானே" என்று கவசத்தை வீட்டில் விட்டு வருகின்றனர். வண்டியில் மாட்டி வைத்தால் களவு போகின்றதென்ற குறையும் நம் செவிக்கு எட்டியது, அது நியாயமே. எனவே ஒளுச் செய்யும் இடத்தருகே, செருப்பு வைக்கும் இடத்திற்கு மேலாக, கவசங்கள் வைக்க ஒரு தட்டு அமைத்துத் தருமாறு நிர்வாகத்தைக் கேட்டுக்கொண்டோம். முத்தவல்லி அவர்கள் இசைந்துள்ளார்கள். பலகை தர ஒரு சகோதரர் முன்வந்துள்ளார். தச்சர் கூலி மட்டுமே பாக்கி.