அப்பா காத்திருந்த அடுத்த புத்தகம்

பாதியில நின்னு போன சயின்ஸ் ஃபிக்ஷன் தொடர்களைப் பற்றிப் பேசச் சொல்லி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. முதல்ல ஸ்டார் வார்ஸ்தான் ஞாபகம் வந்துச்சு. ஜெய்னா சோலோவை நாயகியா வெச்சு கிறிஸ்டி கோல்டன் மூணு நாவல் எழுதப் போறாங்கன்னு 2012-ல் அறிவிச்சாங்க. 2014-ல் பழைய ஸ்டார் வார்ஸ் நாவல்கள் எல்லாத்தையும் 'லெஜெண்ட்ஸ்'னு தனியா ஒதுக்கி வெச்சாங்க. அந்த மூணு நாவலும் வரவே இல்லை.

குறிப்பு எடுத்துக்கிட்டு இருக்கும்போதுதான் உறைச்சது. இதே மாதிரி காத்திருந்த ஒருத்தர் எங்க வீட்டுலயே இருக்கார். எங்க அப்பா.

எங்க ஊர் விஸ்வநத்தம். சிவகாசியை ஒட்டினாப்ல இருக்கு. சிவகாசின்னா உங்களுக்கு பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர் ஞாபகம் வரும். காமிக்ஸ் படிக்கிறவங்களுக்கு முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் வரும். சவுந்தரபாண்டியன் 1972-ல் முத்து காமிக்ஸை ஆரம்பிச்சார். முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'. அவர் மகன் விஜயன் 1984-ல் லயனை ஆரம்பிச்சார்.

மாயாவியைத் தெரியாதவங்களுக்காக ஒரு நிமிஷம். லூயிஸ் கிராண்டேல் ஒரு ஆய்வுக்கூட உதவியாளர். விபத்துல வலது கை போயிடுது, இரும்புக்கை பொருத்துறாங்க. அதுக்கப்புறம் மின்சாரம் பாய்ஞ்சா ஆள் மறைஞ்சிடுவான், கை மட்டும் அந்தரத்துல தெரியும். ஆரம்பத்துல அவன் நல்லவனே இல்லை. பிறகுதான் திருந்தி நிழல்படை உளவாளி ஆகுறான். 1962-ல் லண்டன்ல 'வேலியண்ட்' வார இதழ்ல தொடங்கின கதை இது. கென் புல்மர் எழுத, ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைஞ்சார்.

அப்பா பிறந்தது 1967. அதே வருஷம் லண்டன்ல ஃப்ளீட்வே நிறுவனம் 'சூப்பர் லைப்ரரி'ன்னு குட்டிப் புத்தக வரிசை ஒண்ணை ஆரம்பிச்சது. வார இதழ்ல ரெண்டு பக்கம், மூணு பக்கமா வர்ற நாயகர்களுக்கு இதுல நூறு பக்கத்துக்கு மேல முழுக்கதை. மாயாவியும் ஸ்பைடரும் மாறி மாறி வந்தாங்க. இந்த ஸ்பைடர் நம்ம லயன்ல பிறகு கலக்கின அதே ஸ்பைடர்தான். சூப்பர்மேனை உருவாக்கினவர்கள்ல ஒருத்தரான ஜெர்ரி சீகல் அவனுக்குக் கதை எழுதியிருக்கார். ஆனா அந்தப் புத்தக வரிசை ஏறக்குறைய ஒரே வருஷம்தான் வந்துச்சு. 1968-ல் கடையை மூடிட்டாங்க. வார இதழ்ல வந்த மாயாவி தொடரும் 70களோட முதல் பாதியிலேயே முடிஞ்சிடுச்சு.

இப்ப அப்பாவுக்கு வருவோம். முதல் மாயாவி புத்தகத்தை அவர் கையில எடுத்தது 1976, ஒன்பது வயசு. 'பாம்புத் தீவு', 'நாச அலைகள்', 'உறைபனி மர்மம்'னு ஒண்ணொண்ணா சேர்த்து ஒரு டிரங்குப் பெட்டியில வெச்சிருந்தார். அப்பத்தா வீட்டுல வெடிக்குக் குழாய் உருட்டுவாங்க. கூலி வர்ற அன்னைக்கு அப்பாவுக்குச் சில்லறை கிடைக்கும். அதுதான் மாயாவிக்கான பட்ஜெட்.

ஒரு கஷ்டமான மாசத்துல அப்பத்தா அந்தப் பெட்டியைப் பழைய பேப்பர்காரர்கிட்ட எடைக்குப் போட்டுட்டாங்க. எங்க ஊர்ப் பக்கம் பழைய பேப்பர் எங்க போகும்னு சொல்லணுமா? வெடியாத்தான் திரும்பி வரும். அந்தத் தீபாவளிக்கு மறுநாள் தெருவுல கிடந்த வெடிக் காகிதத்தை எல்லாம் அப்பா குனிஞ்சு குனிஞ்சு பார்த்திருக்கார். யாரோட பரீட்சைப் பேப்பரோ, ஏதோ கணக்கு நோட்டோதான் கிடைச்சது. மாயாவி கிடைக்கலை.

மறுபடி முதல்லருந்து சேர்த்தார். ஒரு கட்டத்துக்கு மேல புது மாயாவி கதையே வரலை. "எங்கயோ கடைசிப் புத்தகம்னு ஒண்ணு இருக்கும்டா, அதுல அவன் நல்லபடியா ஓய்வு எடுத்திருப்பான்"னு நான் சின்னப் பையனா இருக்கும்போது சொல்லுவார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப கேட்டார்: "நீதான் கம்ப்யூட்டர்ல இருக்கியே, அந்தக் கடைசிக் கதை என்னன்னு பாத்துச் சொல்லு."

பார்த்தேன். சொன்னேன். புத்தக வரிசை நின்னு நாலு வருஷம் கழிச்சுத்தான் முத்து காமிக்ஸே பிறந்துச்சு. அப்பா படிக்க ஆரம்பிச்ச 1976-லதான் 'வேலியண்ட்' இதழையே இன்னொரு இதழோட இணைச்சு மூடினாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி 'லயன்'ங்கிற பிரிட்டிஷ் இதழை 'வேலியண்ட்'குள்ள இணைச்சிருந்தாங்க. இதுதான் அங்க வழக்கம். விக்காத இதழை விக்கிற இதழோட சேர்த்துட்டு, குழந்தைகளுக்கு ஏதோ நல்ல சேதி மாதிரி அறிவிப்பாங்க.

அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "முடிஞ்சுபோன கதைக்கா இத்தனை வருஷம் காத்துக்கிட்டு இருந்தேன்?"னு கேட்டார். கோபமா, சிரிப்பான்னு தெரியலை. எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார்.

பிறகு யோசிச்சப்போ எனக்கு வேற ஒண்ணு தோணுச்சு. லண்டன்ல கணக்கு முடிச்ச சரக்கைத்தான் சிவகாசியில ஒருத்தர் வாங்கி, தமிழாக்கி, அச்சடிச்சு இன்னும் ரெண்டு தலைமுறைக்குப் படிக்கக் கொடுத்திருக்கார். 2005-ல் ஆலன் மூர் யோசனையில வந்த 'ஆல்பியன்' காமிக்ஸ்ல இந்தப் பழைய நாயகர்களை அரசாங்கம் சிறையில அடைச்சு வெச்சிருக்கும். 2021-ல் ரெபெல்லியன் நிறுவனம் மாயாவியோட பழைய கதைகளைத் தொகுத்துப் போட்டது. அவங்க வீடியோ கேம் செய்யுற கம்பெனியும்கூட. அங்க தூசி தட்டி எடுக்கிற வரைக்கும் இங்க அவன் டீக்கடை பெஞ்சுல உயிரோடதான் இருந்தான்.

தொடர் நிக்கிறது தப்பே இல்லை. நான் வேலை செஞ்ச ப்ராஜெக்ட்கள்ல பாதி நின்னு போனவைதான். சிவகாசியிலயும் திகில், மினி லயன், ஜூனியர் லயன்னு ஒவ்வொண்ணா நின்னிருக்கு. லயன் - முத்துவே தடுமாறி 2012-ல் 'கம்பேக் ஸ்பெஷ'லோட எழுந்து வந்துச்சு. ஆனா நிறுத்தும்போது 'நிறுத்திட்டோம்'னு ஒரு வரி சொல்லிடணும். சொல்லலைன்னா அந்தப் பக்கம் ஒருத்தர் நாப்பது வருஷம் காத்துக்கிட்டு இருப்பார்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதைன்னு கேப்பீங்க. நியாயம். சிவகாசி அச்சகங்களைப் பற்றி அஞ்சு பாகமா பேசப் போறேன்னு சொல்லி, ரெண்டு பாகத்தோட சத்தமில்லாம விட்டவன் நான். மூணாவது எப்ப வரும்னு இன்னமும் கேக்குறீங்க. எடுத்த பேட்டிகள்ல ஒலி சரியில்லை, பேசினவர்கள்ல ஒருத்தர் அதைப் போட வேண்டாம்னுட்டார். அதனால அந்தத் தொடர் வராது. ரெண்டோட முடிஞ்சது. முன்னாடியே சொல்லியிருக்கணும், மன்னிச்சுக்கோங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம். அது கண்டிப்பா வரும்.