தானப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை



வந்தவாசி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து வந்து, பொழிச்சலூர், பம்மல் பகுதிகளில் வீடு கட்டிய பெற்றோர் பலர் இன்று முதுமை எய்தியுள்ளனர். பலருக்கு அவ்வீடே வாழ்நாள் சேமிப்பு. பாசத்தால் அதனைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதித் தருமுன் சட்டத்தை அறிதல் நலம்.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 23ஆம் பிரிவின்படி, பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையுடன் அளித்த சொத்தை, அது மீறப்பட்டால் மீட்கலாம். மனுவை வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் விசாரிக்கும்.

நிபந்தனையில்லாப் பத்திரத்தை இப்பிரிவின்கீழ் ரத்து செய்ய இயலாது என 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. பராமரிப்பு உறுதி எழுத்தில் இருந்த வேறொரு வழக்கில், 2025 ஜனவரியில், மகனுக்கு அளித்த சொத்தைத் தாய்க்கே மீட்டுத் தந்தது. ஆகவே உணவு, மருத்துவம், உறைவிடம் மூன்றையும் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுதல் வேண்டும்.

உயில் எழுதுவோர்க்கு உரிமை வாழ்நாள் முழுதும் தம்மிடமே இருக்கும். விரும்பினால் மாற்றியும் எழுதலாம். இரு சாட்சிகளின் கையொப்பம் இன்றியமையாதது.

உணவும் மருந்தும் அடைக்கலமும் அறநூல்கள் போற்றும் தானங்கள். பெற்றோர் கேட்குமுன் பிள்ளைகளே முன்வந்து அந்நிபந்தனையை எழுதச் சொல்வது இல்லறத்தார்க்கு அழகு.